கேட்டால் மட்டும் ஓடும் சோதனை

"மனசிலாவுது ரினி, நீ சொல்லது முழுக்க மனசிலாவுது, ஆனா—"

"மனசிலாயிருந்தா பின்னே 'ஆனா' எங்க இருந்து வருது எபினண்ணே? நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. கரண்ட் போற டெஸ்டெல்லாம் டிஃபால்ட்டுல—"

"—ஆறு மணிக்கூர் ஓடும்! இப்ப உள்ளது நாப்பது மினிட்டுல முடியுது. அதுக்கே ஒவ்வொருத்தனும்—"

"ஓடட்டுமே!"

"ஓடட்டும்னா, யாரு காத்திருப்பா? ஒருத்தனும் இருக்கமாட்டான். டெஸ்டே ஓட்டாம களஞ்சுட்டுப் போவான். அப்ப ஒனக்கு ஆறு மணிக்கூரும் இல்ல, நாப்பது மினிட்டும் இல்ல."

"கேட்டா மட்டும் ஓடுத டெஸ்டு இருந்தென்ன, இல்லாட்டி என்ன? டிஃபால்ட்டுங்கதே கேக்கத் தெரியாதவனுக்குத்தானே—"

"பிரசங்கம் வேண்டாம் பிள்ளே. அதுக்கு எங்க வீட்டுல அப்பா உண்டு."

எபினின் அப்பா பாறசாலைப் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் சபைக்கு உபதேசியார். எபின் அந்த வீட்டில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிய அறை ஒன்றில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். ரினிக்கு டீம் லீட். ரினி காஞ்சிரங்குளத்தில், அம்மா சோறு விளம்புகிற அதே மேசையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவள். கம்பெனி மீட்டிங் என்றால் இருவருக்கும் மலையாளமும் இங்கிலீஷும்தான். வழக்கு என்று வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு தானாக வந்துவிடும்.

கம்பெனியின் சரக்கு ஃபைல் சிஸ்டம். கையடக்கக் கருவிகளின் நினைவுச் சில்லில் எது எங்கே இருக்கிறது என்று ஒழுங்காக வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். ரினியின் பிழைப்பு அந்த அலமாரியைச் செய்வதில் இல்லை. அதைக் குலுக்கிப் பார்ப்பதில். குலுக்குவதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு; அதற்குள் நூற்றுக்கணக்கான சோதனைகள். சரக்கை வாங்கிக் கருவி செய்கிறவர்களும் அதையே ஓட்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் ஓட்டினால் ஒரு கூடைச் சோதனைகள் மட்டும் ஓடும். அந்தக் கூடைக்குப் பெயர் டிஃபால்ட். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை அறுத்துப் பார்க்கும் சோதனைகள் வேறு கூடையில் கிடந்தன. 'அதையும் ஓட்டு' என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஓடும். கேட்காவிட்டால், சாம்பல் நிற எழுத்தில் 'தவிர்க்கப்பட்டது' என்று ஒரு ஓரத்தில் முனகிவிட்டு, அடியில் பச்சையாக 'அனைத்தும் தேர்ச்சி' என்று போட்டுவிடும்.

இப்படிக் கூடை பிரித்தது யார் என்று ரினி வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அப்போதே அது அப்படித்தான் இருந்ததாம்.

"இந்த வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போவுது," என்றான் எபின். "டிஃபால்ட்டை மாத்தணும்னா இன்னைக்கி நாலு மணி மீட்டிங்குதான் கடைசி. நான் ஒனக்கு எதிரி ஒண்ணும் இல்ல. காரணம் கொண்டு வா."

"காரணம் எங்க வீட்டு மேசையில இருக்குதே! பப்பாவோட ஜி.பி.எஸ். பெட்டி. நம்ம ஃபைல் சிஸ்டம். உள்ள ஒரு பாயின்ட் இல்ல, தொடச்சு வச்ச சட்டி மாதிரி."

"அதை நீ ஒரு வாரமா குலுக்குதியே, ஒரு தடவை வீழ்ந்துதா?"

சோதனையில் தோற்பதைத்தான் அவர்கள் வீழ்வது என்பார்கள். விழவில்லைதான்.

"உப்புக் காத்து அடிச்சிருக்கும். தண்ணி கேறியிருக்கும். ஒரே ஒரு தடவை வீழ வச்சுக் காட்டு ரினி. பாக்கியை நானே பேசுதேன்." அதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் நாகர்கோயில் வண்டி வந்துவிட்டது. இனி அது போய்த் தீருகிறவரை எபின் பேசினாலும் கேட்காது. போனை வைத்துவிட்டான்.

அடுக்களையில் இருந்து அம்மா லில்லிக்குட்டி எட்டிப் பார்த்தாள். "ஆபீசுலயும் வழக்கா? இங்க நடக்கது போதாதாக்கும்?"

"வழக்கு இல்லம்மே. பேச்சு."

"கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து இதே பேச்சைத்தான் ஒன் பப்பாவும் நானும் முப்பது கொல்லமா பேசுதோம்."

ரினியின் பப்பா ஜோக்கிம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அதுதான் தொழில். கடலுக்குப் போகாத ஜோக்கிமை அந்த ரோடு பார்த்ததில்லை, போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன ஜோக்கிமண்ணே, மேலுக்கு சுகமில்லையா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அவரும், "ஓ, சுகந்தான்," என்று எல்லோருக்கும் ஒரே பதிலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் தூண்டில்காரர். களவா மீன் பிடிக்கிறவர். களவா, கடலுக்கு அடியில் பாறை கிடக்கும் இடத்தில் மட்டும்தான் நிற்கும். அந்தப் பாறைக்குப் 'பார்' என்று பெயர். முன்பெல்லாம் கரையில் ஒரு மலையையும் ஒரு பள்ளிக் கோபுரத்தையும் கண்ணால் நேர்கோட்டில் பிடித்துப் பார் இருக்குமிடத்தைக் கண்டுகொள்வார். பிறகு சர்க்கரை வந்து இடது கண்ணைத் தின்றது. வலது கண்ணையும் இப்போது ருசி பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு பாரையும் ஜி.பி.எஸ். பெட்டியில் ஒரு பாயின்டாகப் போட்டு வைத்தார். பெட்டிதான் கண். வள்ளத்தில் கூட ஆள் ஏற்றமாட்டார். "ஆளை ஏத்தினா அவன் கண்ணையும் சேத்துல்லா ஏத்தணும்" என்பார்.

போன வாரம், நடுக்கடலில், அந்தக் கண் அவிந்துவிட்டது. பார்கள் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. கரைக்குத் திரும்புகிற பாயின்டும் அதே ஃபைலில்தான் இருந்தது.

"அன்னைக்கி அந்த ஷிஜு மட்டும் பக்கத்துல இல்லாம இருந்திருந்தா?" லில்லிக்குட்டி இதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்வாளோ, இப்போதும் சொன்னாள். "அவன் வள்ளத்துக்குப் பொறத்தால வந்து கரை பிடிச்ச மனுசனாக்கும் இந்த இருக்கது."

"எடி, மெதுவா சொல்லு!" வெளியே இருந்து ஜோக்கிம். "ரோட்டுல போறவன் நின்னு கேக்கான்."

"கேக்கட்டு! கரையில எல்லாவனும் அறிவான்!"

ரினி லாப்டாப்பை மூடினாள். "பப்பா, இங்க ஒண்ணு வாங்க. கடல்ல நீங்க என்ன செய்வீங்களோ, அதை அப்படியே இங்க செய்து காட்டணும்."

"இங்கன்னா?"

"இந்த மேசையில."

"இதென்ன கடலா?"

"கடல்னு நெனச்சுக்கிடுங்க."

"சோத்து மேசையைக் கடல்னு நெனைக்க எனக்கென்ன வட்டா?"

"பெருநாளுக்குக் குடிச்சுட்டு வந்தா இதே மேசையில வள்ளம் தொழைவீங்களே," என்றாள் லில்லிக்குட்டி. "இப்ப மட்டும் என்ன நாணம்?"

ஜோக்கிம் முறைத்தார். ஆனால் வந்து உட்கார்ந்தார். பெட்டிக்கு ரினி ஒரு பழைய ஸ்கூட்டர் பேட்டரியைக் கொடுத்திருந்தாள். வள்ளத்தில் உள்ளது போலவே இரண்டு கிளிப். திரை வெளிச்சமானது. ஜோக்கிமின் தோளில் ஒரு மாற்றம் வந்தது. நாற்காலி லேசாக ஆடுவதுபோல அவர் கால்களை அகற்றி வைத்துக்கொண்டார். தலை துவட்டும் துவர்த்தை எடுத்து மடியில் போட்டார். இல்லாத ஒரு கயிற்றை வலது கை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தது.

"தட்டுது," என்றார் தனக்குள். "பார்தான். கல்லு தட்டுது."

பெருவிரல் பொத்தானை அமுக்கியது. 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் எழுத்து வந்தது. எழுத்து வந்த அதே மூச்சில் துவர்த்து திரை மேல் விழுந்தது. துவர்த்துக்கு அடியில் இடது கை போய்க் கிளிப்பைப் பிடுங்கிவிட்டது. பெட்டி அணைந்தது.

"இதுதான்," என்று துவர்த்தை உதறித் தோளில் போட்டார் ஜோக்கிம். "பாயின்ட் போட்டாச்சு."

ரினி அசையாமல் நின்றாள். "இப்ப என்ன செஞ்சீங்க?"

"கண்ணு தெரியாதது எனக்கா ஒனக்கா? பாயின்ட் போட்டேன்."

"அது வலது கை. எடது கை என்ன செஞ்சுது?"

ஜோக்கிம் தன் இடது கையை, அடுத்த வீட்டுக்காரனின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கிளிப் இன்னும் அதில் இருந்தது. "ஓ, இதா! வயர பிடுங்கினேன். எப்பளும் பிடுங்கதுதான்."

"ஏன் பப்பா? ஆஃப் பட்டன் இருக்குல்லா?"

"அந்தச் சவத்தை அமுக்கினா ஒடனே அணையுமா? 'நிச்சயமாக அணைக்கவா?'ன்னு கேக்கும். நிச்சயம்னு சொன்னா, பின்னயும் நின்னு 'நன்றி'ங்கும். அதுவரைக்கும் பாயின்ட்டு நம்பரு மொகத்துல எழுதி ஒட்டின மாதிரி பளபளன்னு நிக்கும். ஷிஜுவோட வள்ளம் பத்துப் பாவம் தூரத்துலதான் கெடக்கும். மத்தவனுக்குக் கண்ணு ரெண்டு, அவனுக்கு நாலு. அவன் எட்டி நோக்குததுக்கு முன்னே வெட்டம் அணையண்டாமா?"

"எல்லாரும் இப்படித்தான் பிடுங்குவாங்களா?"

"பின்னே? பாரு வச்சிருக்கவன் எல்லாவனும் பிடுங்குவான். வச்சிருக்காதவன் பட்டனை அமுக்குவான். அவனுக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

ரினி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய மென்பொருளில் கரண்ட் போகிற சோதனைகளை எழுதியவர்கள் மின்வெட்டை நினைத்து எழுதியிருந்தார்கள். இடி, மழை, பேட்டரி தீர்வது. எப்போதாவது, எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு நேரத்தில் போகிற கரண்ட். சேமித்த அந்த நொடியிலேயே, ஒவ்வொரு தடவையும், வேண்டுமென்றே கரண்டைப் பிடுங்குகிற ஒரு ஜாதி மனிதர்கள் காஞ்சிரங்குளத்துக்குக் கீழே கடப்புறம் முழுக்க இருப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? அவளே நினைக்கவில்லை, அவள் அந்த மனிதரின் மகள்.

"பப்பா, பெட்டி 'சேமிச்சாச்சு'ன்னு சொல்லும்போ, முழுசா முழுங்கியிருக்காது. வாயிலதான் வச்சிருக்கும். முழுங்க ஒரு அஞ்சாறு நொடி வேணும். அதுக்கு முன்னே நீங்க தொண்டையைப் பிடிச்சா—"

"அப்ப எதுக்கு சேமிச்சாச்சுன்னு எழுதிக் காட்டுது? கள்ளம்லா அது?"

"கள்ளம் இல்ல... முழுங்கிருவோம்ங்கிற நம்பிக்கையில சொல்லுது. வேகமா இருக்குன்னு தெரியட்டும்னு."

"கொள்ளாம். சோறு வெந்துரும்னு நம்பி எலை போட்ட மாதிரி," என்றாள் லில்லிக்குட்டி.

"முன்னேயும் இதே கைதானே பிடுங்கிச்சு?" ஜோக்கிம் விடவில்லை. "ரெண்டு கொல்லமா ஒண்ணும் போவல்லியே? போன மாசம் கடைக்காரன் என்னவோ புதுசா கேத்தித் தந்தான், அதுக்குப் பொறவுதான்—"

அந்தப் புதுசு எது என்று ரினிக்குத் தெரியும். வேகமான வெர்ஷன். டிஃபால்ட் கூடையில் பச்சை வாங்கிக்கொண்டு போன வெர்ஷன்.

மதியம் சோறு உண்ணாமல் உட்கார்ந்து அவள் அந்தச் சோதனையை எழுதினாள். சொன்ன நேரத்தில் கரண்டை அறுக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று அவளிடம் இருந்தது. பாயின்ட் போடு, 'சேமிக்கப்பட்டது' வந்த மூச்சிலேயே அறு, மறுபடி எழுப்பு, ஃபைலைத் திற. ஜோக்கிமின் இடது கையைப் போல அவள் அதற்கு அவசரம் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவை ஃபைல் நன்றாக இருந்தது. அடுத்த தடவையும். அதற்கடுத்த தடவை திறந்தபோது ஃபைலின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அவள் கைதட்டிவிட்டாள். "வீழ்ந்துட்டு! பப்பா, வீழ்ந்துட்டு!"

"என்னது வீழ்ந்துது?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள் லில்லிக்குட்டி.

அப்பாவின் பிழைப்பு போன விதத்தைக் கண்டுபிடித்ததற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று ரினிக்கு உடனே நாணமாகவும் இருந்தது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். மூன்றரை மணிக்கு எபினை அழைத்தாள்.

"எபினண்ணே, காரணம் கொண்டு வந்திருக்கேன்."

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எபின் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். "எடீ பிள்ளே, கொள்ளாமே! வயர பிடுங்குவாங்களாமா? இது ஒருத்தனுக்கும் தோணாதே. நல்ல டெஸ்டு. சுத்தமான டெஸ்டு."

"அப்ப டிஃபால்ட்டுல போடுவோம். வேற கரண்ட் டெஸ்டெல்லாம் வேண்டாம், ஆறு மணிக்கூர் வேண்டாம். இது ஒண்ணு மட்டும். மூணே மினிட்டு."

மறுபக்கத்தில் எபின் யாருக்கோ டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எபினண்ணே?"

"இருக்கேன்... ரினி, இது வீழுதுல்லா?"

"வீழுது. அதுக்குத்தானே டிஃபால்ட்டுல போடணும்."

"அதுக்குத்தான் போடக் கூடாது."

"என்ன சொல்லுதீங்க?"

"கேளு. டிஃபால்ட்டுல போட்டா நம்ம சரக்கை வாங்குதவன் ஒவ்வொருத்தன் ஓட்டும்போதும் சிவப்பு வரும். வெள்ளிக்கிழமை வெர்ஷன் நிக்கும். சரியாக்க வேண்டியது நாம இல்ல, ஃபைல் சிஸ்டம் எழுதுத டீமு. அவனுவகிட்ட இப்பதான் கேட்டேன். சரியாக்கினா வேகம் பாதியாவுமாம், அடுத்த வெர்ஷன்ல நோக்கலாம்ங்கான். அதுவரைக்கும் நம்ம கூடையில வச்சிருப்போம். வேணும்னு கேக்கிறவன் ஓட்டிக்கிடட்டு."

"காலையில வீழலன்னு சொல்லி வேண்டாம்னிய. இப்ப வீழுதுன்னு சொல்லி வேண்டாம்ங்கிய."

"அது வேற, இது வேற ரினி."

"அப்ப என்ன செஞ்சாதான் உள்ள வரும்? வீழாத டெஸ்டுதான் டிஃபால்ட்டுல இருக்கலாமாக்கும்?"

"எங்கிட்டச் சாடி என்ன செய்ய? எனக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன். மீட்டிங்குல சொல்லுதேன். சொல்லாம இருக்கமாட்டேன்."

அவன் சொன்னான். அதைக் குறை சொல்ல முடியாது. நாலு மணி மீட்டிங்கில், இவ்வளவு நல்ல சோதனை எழுதியதற்காக எல்லோரும் ரினியைப் பாராட்டினார்கள். டிஃபால்ட்டில் சேர்க்க வேண்டும் என்ற அவளுடைய கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. ஒருவர், "ஆனால் உங்கள் அப்பா செய்வது சரியான முறை இல்லையே," என்று மரியாதையாகச் சொன்னார். கருவியோடு வரும் கையேட்டில் 'பொத்தானை அமுக்கி மட்டும் அணைக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று முடிவானது. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

கம்பெனியை மாற்ற முடியாவிட்டால் கையை மாற்றலாம் என்று ரினி நினைத்தாள்.

"பப்பா, இனி பட்டனை அமுக்குங்க. 'நன்றி' வாறவரைக்கும் வயர தொடக் கூடாது."

"செரி மக்கா."

"துவர்த்தைப் போட்டு மூடிக்கிடுங்க, யாரும் நோக்க முடியாது. வயர மட்டும் பிடுங்கண்டாம்."

"செரி."

"ஒண்ணு செய்து காட்டுங்க."

ஜோக்கிம் செய்து காட்டினார். வலது கை பொத்தானுக்குப் போவதற்குள் இடது கை கிளிப்பைப் பிடுங்கிவிட்டது. மறுபடி செய்தார். மறுபடியும். கடைசியில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அப்போது சரியாக வந்தது.

"அலைக்குள்ள கைமேல குந்திக்கிட்டா வள்ளத்தை யாரு பிடிப்பா?" என்றாள் லில்லிக்குட்டி.

"நான் என்னத்தைச் செய்ய? கை என்னைக் கேட்டா போவுது?"

ரினி கிளிப்புக்குப் பதிலாகத் திருகாணி போட்டு முறுக்கலாமா என்று கேட்டாள். பேட்டரியைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடவேண்டும், நடக்காது. பாயின்ட்டுகளைத் தன் லாப்டாப்பில் ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா என்றாள். "எந்தப் பாயின்ட்டை?" என்று ஜோக்கிம் கேட்டார். காப்பி எடுக்க ஒரு பாயின்ட்டும் மிச்சம் இல்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து ஷிஜு வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஜோக்கிமண்ணே, ஒரு காரியம். தப்பா எடுக்கப்பிடாது."

"கேறி இரி. என்ன காரியம்?"

"ஒங்க பாரு கொறே எங்கிட்ட உண்டு."

ஜோக்கிம் எழுந்துவிட்டார். "எந்தப் பாரு?"

"நாலஞ்சு கொல்லமா... துவர்த்து விலகும்போ, வெட்டம் தெறிக்கும்போ, நோக்கி நோக்கி நானும் போட்டு வச்சேன். ஒரு இருபது காணும். வேணும்னா தாறேன்."

"எடா கள்ளப் பயலே!"

"கள்ளன்தான். கள்ளன்கிட்ட இருந்ததுதான் மிச்சம் அண்ணே."

லில்லிக்குட்டி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று ரினியால் சொல்ல முடியவில்லை. ஜோக்கிம் ரோட்டில் ஆள் வருகிறதா என்று பார்த்தார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தத் தெக்கு மூலைப் பாரு? பெரிய களவா கெடக்குமே, மேரி பிறந்த பெருநாளுக்கு முந்தின ஆழ்ச்ச நான் போவேனே... அது உண்டா ஒங்கிட்ட?"

"அது இல்ல அண்ணே. அதை மட்டும் நீங்க விடவே இல்ல. நானும் எவ்வளவோ எத்தி நோக்கினேன்."

அசட்டையாக விட்டதெல்லாம் திரும்பி வந்தது. உயிரைக் கொடுத்து மறைத்தது மட்டும் போய்விட்டது. ஜோக்கிம் உட்கார்ந்தார். "செரி, உள்ளதைத் தா," என்றார். ஷிஜு போகும்போது லில்லிக்குட்டி அவனுக்குக் கட்டஞ்சாயா கொடுத்தாள். அந்த வீட்டில் அவன் குடித்த முதல் சாயா அது.

அடுத்த வாரம் கடைக்காரன் ஜோக்கிமுக்குப் புதுப் பெட்டி மாற்றிக் கொடுத்தான். "பழசுல என்னவோ கொழப்பம் அண்ணே, இது வெள்ளிக்கிழமை எறங்கின புது வெர்ஷன்," என்றானாம். பெட்டியின் நெற்றியில் பச்சை ஸ்டிக்கர் ஒன்று: 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது.' ஷிஜு தந்த பாயின்ட்டுகளை வீட்டு மேசையில் வைத்து ரினியே அதில் ஏற்றிக் கொடுத்தாள். கரைப் பாயின்ட்டையும் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் 'நன்றி' வரும்வரை காத்திருந்தாள்.

"இன்னைக்கி உச்சைக்கு எறங்குதேன்," என்றார் ஜோக்கிம். "தெக்கு மூலையைத் தேடணும்."

"ஷிஜுவோட சேந்து போங்க பப்பா."

"அவனை வச்சுக்கிட்டா தெக்கு மூலையைத் தேட? நல்ல கதை!"

"இன்னைக்கி ஒரு நாளு மட்டும்."

"கேட்டியா மக்கா, போவாம இருந்து இருந்து எனக்குக் காலு மரச்சு போச்சு. பெட்டி புதுசு. நீ கண்டுபிடிச்சாச்சு. பின்னே என்ன பேடியும் பயமும்?"

ரினி அவரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக் கடப்புறத்துக்குக் கொண்டுபோனாள். மடியில் பேட்டரி, அதன் மேல் பெட்டி, அதன் மேல் துவர்த்து. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினாள். மணலில் வண்டி நின்றது. வள்ளத்தைத் தள்ள ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஷிஜுவும் வந்தான். அலை அன்று பெரிதாக இல்லை, வானமும் தெளிவு. கரையில் நிற்கிறவர்களுக்கு அது நல்ல நாள்.

ஜோக்கிம் வள்ளத்தில் ஏறிப் பெட்டியைப் பலகையில் கட்டினார். இடது கை கிளிப்பைப் பேட்டரியில் மாட்டிவிட்டு, அங்கேயே, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"பப்பா."

"என்ன?"

"இதுலயும் அதே கேடு உண்டு."

"எதுல?"

"இந்தப் பெட்டியில. புது வெர்ஷன்லயும். நான் சொன்னேன், எழுதிக் காட்டினேன், அவங்க அப்பறம் சரியாக்கலாம்னுட்டாங்க. வயர பிடுங்கினா இதுவும் போவும். கரைப் பாயின்ட்டும் போவும்."

தள்ள வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஷிஜு தன் வள்ளத்தின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்; அதிலும் நெற்றியில் ஒரு பச்சை இருந்தது.

ஜோக்கிம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குனிந்து, நல்ல கண்ணை ஸ்டிக்கருக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். விரலால் அதைத் தடவினார். பிறகு நிமிர்ந்து, தெரியாத ஒரு விலாசத்துக்கு வழி கேட்கிறவர்போல, மகளைப் பார்த்துக் கேட்டார்.

"கேடு உண்டுன்னு நீ அறிவ, ஒன் ஆபீசுக்காரனும் அறிவான், பின்னே இந்தப் பச்சை ஆருக்காக்கும் மக்கா?"